இடுப்பிலிருந்து காலுக்குப் போன சேதி

"கால்ல ஒட்டாத எலும்புக்கு, இடுப்புல இருந்து எடுத்து வச்சா மட்டும் எப்படி பாப்பா ஒட்டும்? அது என்ன பசையா?"

இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அம்மா இப்படிக் கேட்டாள். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள். எலும்பு செல்கள் எத்தனை வகை, எது கட்டும், எது கரைக்கும் என்று வருஷா வருஷம் போர்டில் படம் போட்டுச் சொல்கிறவள். அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "டாக்டர் சொல்றாருல்லம்மா, சரியாயிரும்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு லைட்டை அணைத்தேன். அவள் தூங்கவில்லை என்பது மூச்சு வந்த விதத்திலேயே தெரிந்தது. நானும் தூங்கவில்லை. கேட்டதில் நியாயம் இருந்தது. ஒன்பது மாதமாகக் கூடாத இடத்தில் வேறொரு இடத்து எலும்பைக் கொண்டுவந்து வைத்தால் அது மட்டும் ஏன் கூட வேண்டும்? அதே உடம்புதானே, அதே ரத்தம்தானே?

அம்மாவுக்கு அப்போது 57 வயது. மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, புதிதாகப் போட்டு இன்னும் வெள்ளைக்கோடு அடிக்காத ஒரு வேகத்தடை தூக்கிப் போட்டதில் விழுந்தாள். வலது காலில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இருக்கிற பெரிய எலும்பு, டிபியா, முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சொந்தத்தில் இரண்டு பேர் புத்தூர் கட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். எலும்பே வெளியே தெரிந்ததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரியில் புண்ணை லிட்டர் லிட்டராக சலைன் ஊற்றிக் கழுவி, எலும்புக்குள்ளே ராடு போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "ஆறு வாரம் கழிச்சு வாக்கர் பிடிச்சு ஊனி நடக்கச் சொல்லுங்க. கொஞ்சம் கொஞ்சமா வெயிட் போடணும்."

நான் ஊன விடவில்லை. அந்தக் காலை நான் ரோட்டில் பார்த்தவள். அதன்மேல் அம்மாவின் மொத்தப் பாரமும் இறங்குவதை என்னால் நினைக்கவே முடியவில்லை. சித்தியும் "அசையாமக் கெடக்கட்டும், அப்பத்தான் கூடும்" என்றாள். வாரத்தில் மூன்று நாள் ஆட்டுக்கால் சூப், இரண்டு நாள் பிரண்டைத் துவையல், ராத்திரி கால்சியம் மாத்திரை. அம்மா கட்டிலை விட்டு இறங்கினால் ஒற்றைக் காலில் குதித்துத்தான் பாத்ரூமுக்குப் போவாள். வாக்கர் சுவரோரம் நின்றது, அதன்மேல் துண்டு காயப்போட்டோம். மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடு தெரிந்தது. ஆறாம் மாதத்திலும் அதே கோடு. ஒன்பதாம் மாதம் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே, "ஊனி நடந்தாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்... பயந்துக்கிட்டு..." என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் எழுத ஆரம்பித்தார். அவர் ஒன்றும் சொல்லாத அந்த நிமிஷம்தான் இரண்டு வருஷமாக என் கூடவே இருக்கிறது.

முதல் மூன்று நாள்

எலும்பு "ஒட்டுகிறது" என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். என் அப்பத்தா "கூடிருச்சு" என்பாள். எவ்வளவு சரியான சொல் என்று படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. தோல் கிழிந்தால் தழும்பு வருகிறது. தழும்பு என்பது ஒட்டுப்போட்ட துணி மாதிரி, பழைய துணி இல்லை. எலும்பு அப்படியில்லை. முறிந்த இடத்தில் தழும்பு விடாமல் அசல் எலும்பே மறுபடி உருவாகிறது. அதற்கு உடம்பு போகிற வழி, வயிற்றுக்குள் சிசுவாக இருந்தபோது கைகால் எலும்பு உண்டான அதே வழி. முதலில் குருத்தெலும்பு, பிறகு அதன்மேல் எலும்பு. 57 வயதில் ஒரு உடம்பு தன் கருப்பைக் காலத்துப் பாடத்தை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். படி என்று அதற்கு யார் சொல்வது?

முதலில் சொல்வது ரத்தக்கட்டு. முறிந்த கணத்திலேயே அந்த இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அதை நாம் வெறும் கசிவாகத்தான் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கட்டிக்குள் உடைகிற தட்டணுக்கள் பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப். பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுகின்றன. பின்னாலேயே வருகிற வெள்ளையணுக்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்பா என்று அபாயக்குரல் எழுப்புகின்றன. நம் கண்ணுக்குத் தெரிகிற வீக்கம், சிவப்பு, சூடு எல்லாம் இந்தக் குரல்தான். டி.என்.எஃப். முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று நாளில் இறங்கிவிடும். பிறகு சில வாரம் கழித்து, குருத்தெலும்பைக் கரைத்து எலும்பாக மாற்றும் நேரத்தில் மறுபடி ஏறும். இந்த டி.என்.எஃபை உணரவே முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளின் எலும்பை முறித்துப் பார்த்தபோது, கூடுவது தாமதப்பட்டது. எலிகளில் முதல் சில நாளுக்குள் ரத்தக்கட்டை எடுத்துவிட்டாலும் எலும்பு பலம் பெறுவது பின்தங்குகிறது என்று 1990களில் காட்டியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது அந்த லிட்டர் லிட்டரான சலைன் ஞாபகம் வந்தது. எலும்பு வெளியே வந்த காயத்தில் மண் இருக்கிறது, கிருமி இருக்கிறது. கழுவித்தான் ஆக வேண்டும், கழுவாவிட்டால் காலே போயிருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரோடு முதல் ரத்தக்கட்டும் போயிருக்கும். இதில் யார்மீதும் குற்றமில்லை. அம்மாவின் எலும்பு தொடங்கும்போதே பாதி சேதி இல்லாமல் தொடங்கியது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

வலி மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நினைத்தும் நான் பல ராத்திரி விழித்திருக்கிறேன். நாம் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வீக்க மாத்திரைகளில் பல, காக்ஸ்-2 என்ற நொதியை அடக்குகின்றன. அந்த நொதிதான் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2 என்ற சேதிப்பொருளைச் செய்கிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது அது, எலும்பு கட்டும் செல்களை எழுப்புவதும் அதே. காக்ஸ்-2 இல்லாத எலிகளில் எலும்பு சரியாகக் கூடவில்லை என்று 2002இல் வெளிவந்தது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே பக்கமாகச் சாயவில்லை. சில நாள் சாப்பிட்ட மாத்திரையால் எலும்பு கூடாமல் போகும் என்று யாரும் நிறுவியதில்லை. அம்மா டாக்டர் எழுதிக்கொடுத்ததற்கு மேலும் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டாள். வாங்கிக் கொடுத்தவள் நான். வலியில் துடிக்கிற மனுஷியை மாத்திரை இல்லாமல் விடச் சொல்லும் அறிவியல் எனக்கு வேண்டாம். ஆனால் கடையில் நாமாக வாங்குவதை நீட்டிக்கொண்டே போகாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எவர்சில்வர் கிண்ணம்

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், உள்ளே எடுத்த ஒரு போட்டோவை போனில் காட்டினார். அம்மாவின் கேள்வியை நான் அவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன், அதற்காகவே எடுத்திருக்கிறார். சின்ன எவர்சில்வர் கிண்ணம். அதில் இரண்டு மூன்று கரண்டி அளவுக்குச் செக்கச்செவேலென்று ஏதோ துணுக்குகள். ரத்தத்தில் நனைந்த பொரி மாதிரி இருந்தது. வெளியிலிருக்கும் கெட்டி எலும்பு இல்லை, இடுப்பெலும்புக்கு உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிற மெத்தென்ற எலும்பு. "இதுலயா இடைவெளி நிரம்பும்?" என்று கேட்டேன். "நிரப்புறதுக்கு இல்லம்மா. வீடு கட்டணும்னா சாரம் வேணும், கொத்தனார் வேணும், மேஸ்திரி வேணும். இந்தக் கிண்ணத்துல மூணும் இருக்கு" என்றார்.

சாரம் என்றது அந்தத் தேன்கூட்டு அமைப்பை, புதுச் செல்கள் ஏறிப் பிடித்துக்கொள்ள. கொத்தனார் என்றது அதோடு உயிரோடு வரும் செல்களை. மேஸ்திரி யார் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். தேடல் என்னை 1965க்குக் கொண்டுபோனது, அங்கிருந்து நேராக என் வகுப்பறைக்கே திரும்பக் கொண்டுவந்தது.

ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். கறிக்கடையில் வாங்கிய கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து, பாட்டிலில் வினிகர் ஊற்றி, ஒரு வாரத்துக்கு மேல் ஊறவைப்போம். எலும்பு வடிவம் மாறாமல் அப்படியே இருக்கும். எடுத்து வளைத்தால் ரப்பர் மாதிரி வளையும், சில சமயம் முடிச்சே போடலாம். பிள்ளைகள் கை மாற்றி கை மாற்றி வளைத்துப் பார்ப்பார்கள். "கால்சியமெல்லாம் அமிலத்துல கரைஞ்சிருச்சு. மிச்சம் இருக்கறது வெறும் சவ்வு, புரதம். எலும்புக்கு எலும்புத்தன்மை குடுக்கறது கால்சியம்தான்" என்று சொல்லி முடித்து, அந்த ரப்பரைக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்வேன். பதினோரு வருஷமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், அந்த ரப்பரைக் குப்பையில் போடவில்லை. எலும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தாது முழுவதையும் நீக்கி, மிச்சமிருந்த அந்த வளைகிற பொருளை விலங்குகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். எலும்புக்குப் பக்கத்தில்கூட இல்லை, எலும்புக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத சதைக்குள். சில வாரம் கழித்துத் திறந்து பார்த்தபோது அங்கே புதிதாக எலும்பு விளைந்திருந்தது. உள்ளே மஜ்ஜையோடு. வைத்த பொருளில் உயிருள்ள செல் ஒன்றும் இல்லை, கால்சியமும் இல்லை. கொத்தனார் உள்ளூர், அந்தச் சதையிலேயே இருந்த செல்கள். செத்த எலும்பின் சவ்விலிருந்து ஏதோ ஒன்று கசிந்து, "எலும்பாகு" என்று அவற்றிடம் சொல்லியிருக்கிறது.

1965இல் சயன்ஸ் இதழில் அதை வெளியிட்டார். அந்த ஏதோ ஒன்றுக்கு 1971இல் பெயர் வைத்தார்: எலும்பு உருவாக்கும் புரதம், சுருக்கமாக பி.எம்.பி. பெயர் வைத்தாரே தவிர, ஆளைப் பிடிக்க ரொம்ப நாளானது. எலும்பில் அது இருக்கிற அளவு அவ்வளவு சொற்பம். 1988இல்தான் ஜான் வோஸ்னியின் குழு அதன் மரபணுக்களைப் பிரித்தெடுத்தது. முதல் கட்டுரைக்கும் அதற்கும் நடுவே 23 வருஷம். அந்த 23 வருஷமும் யூரிஸ்ட் கண்ணால் பார்க்காத ஒன்றை, அது செய்த காரியத்தை வைத்து மட்டும் நம்பியிருக்கிறார்.

இதைப் படித்து முடித்தபோது அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கட்டு, காலில் ஒரு கட்டு. ஒன்பது மாதமாக நான் சூப்பும் மாத்திரையுமாக அவளுக்குக் கொடுத்ததெல்லாம் செங்கல். செங்கல் வேண்டாம் என்றில்லை, கால்சியமும் புரதமும் டி வைட்டமினும் குறைந்தால் வேலை கெடும். ஆனால் தெருவில் லோடு லோடாகச் செங்கல் கொட்டிக் கிடந்தும் மேஸ்திரி வராத மனையாகத்தான் அந்த முறிவு இருந்திருக்கிறது. நான் குப்பையில் போடச் சொன்ன அந்த மிச்சத்தில்தான் மேஸ்திரியின் குரல் இருந்திருக்கிறது.

சேதி போகிற வழி

பி.எம்.பி. செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் நிற்கும் இரண்டு வகை ஏற்பிகளைப் பிடித்து ஒன்றுசேர்க்கிறது. ஒன்று மற்றொன்றைத் தூண்ட, உள்ளே ஸ்மாட் என்ற புரதங்கள் விழித்துக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் போகின்றன. அங்கே சாக்ஸ்-9 என்ற மரபணு திறந்தால் செல் குருத்தெலும்பு ஆகும், ரன்எக்ஸ்-2 என்ற மரபணு திறந்தால் எலும்பு கட்டும் செல் ஆகும். முறிவின் நடுவில் பிராணவாயு குறைவான இடத்தில் முதலில் குருத்தெலும்பு வருவதும் இப்படித்தான். ரத்தக்குழாய் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த திசு அது. பிறகு அதே குருத்தெலும்பு செல்கள் ஊதிப் பெருத்து, வி.ஈ.ஜி.எஃப். என்ற இன்னொரு சேதியை அனுப்பி ரத்தக்குழாய்களை அழைக்கின்றன. ரத்தம் வந்த பிறகு எலும்பு வருகிறது. கடைசியில் அதிகப்படியாகக் கட்டியதைக் கரைக்கும் செல்கள் வந்து செதுக்கி, பழைய குழாய் வடிவத்துக்குக் கொண்டுவர மாதங்களும் ஆகும், வருஷங்களும் ஆகும்.

இதில் என்னை உட்காரவைத்தது 2006இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஒரு எலி ஆய்வு. பி.எம்.பி. ஒன்றல்ல, பல உண்டு. அதில் இரண்டாம் எண் பி.எம்.பி.யை மட்டும் கைகால்களில் இல்லாமல் செய்தார்கள். குட்டிகள் பிறந்தன, கைகால் எலும்புகள் உருவாகியிருந்தன. மற்ற பி.எம்.பி.க்கள் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. ஆனால் அந்த எலும்புகளில் தானாகவே முறிவு வந்தது, வந்த முறிவு கூடவே இல்லை. கூடுவதன் முதல் படியே அங்கே தொடங்கவில்லை. உருவாவதற்கு அது இல்லாமல் முடியும், முறிந்து மீள்வதற்கு முடியாது. கருவில் கற்ற அதே பாடம்தான் என்று மேலே எழுதினேன். பாடம் அதேதான், ஆனால் புத்தகத்தைத் திறக்கிற கை வேறு.

அப்படியானால் பி.எம்.பி-2ஐ ஊசியில் ஏற்றி உள்ளே விட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. விட்டிருக்கிறார்கள். கொலாஜன் பஞ்சில் நனைத்து முறிவில் வைத்தார்கள். அம்மாவைப் போலத் தோல் கிழிந்து டிபியா முறிந்த 450 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வந்தது. அதிக அளவு கொடுக்கப்பட்டவர்களுக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு 44 சதவீதம் குறைந்திருந்தது. 2004இல் அமெரிக்காவில் இந்த முறிவுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எலும்பின் உட்குழாயைக் குடைந்து அகலமாக்கி ராடு போட்டவர்களிடம் 2011இல் பார்த்தபோது கூடும் வேகம் அதிகரிக்கவில்லை. கழுத்து முதுகெலும்பில் வைத்தவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதால் 2008இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. உடம்பு துளித்துளியாக, இடம் பார்த்து, நேரம் பார்த்துச் சொல்கிறதை நாம் ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று ஒரே மூச்சில் கொட்டுகிறோம். உடம்புக்கு அது மிக மிக அதிகம். அதுவுமல்லாமல் உடம்பு பி.எம்.பி.யைச் செய்யும்போதே அதைப் பிடித்துக் கட்டிவைக்கும் நாகின் என்ற புரதத்தையும் செய்கிறது. சொல்லத் தெரிந்தது போலவே நிறுத்தவும் தெரிந்திருக்கிறது.

நிறுத்தத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் ஒரு மனிதரின் எலும்புக்கூடு நிற்கிறது. ஹாரி ஈஸ்ட்லாக். சிறுவயதில் ஒரு கால் முறிவுக்குப் பிறகு அவர் தசைகள் ஒவ்வொன்றாக எலும்பாகத் தொடங்கின. 1973இல், 40 வயதுக்குச் சில நாள் முன்பு இறந்தபோது, உதடு தவிர எதையும் அசைக்க முடியாத நிலையில் இருந்தார். தன் எலும்புக்கூட்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொன்னவர் அவரே. பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்கிற அளவுக்கு அரிய நோய் அது. 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஐலீன் ஷோரும் ஃபிரெடரிக் கேப்லனும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வாசலில் நிற்கும் பி.எம்.பி. ஏற்பிகளில் ஒன்றான ஏ.சி.வி.ஆர்-1இன் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்த அன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை. முதுகிலிருந்து தோள்வரை எலும்புத் தகடுகள், உருகி வழிந்த மெழுகு மாதிரி. அம்மாவின் காலுக்கு வராத அதே சேதி அவருக்கு வாழ்நாள் முழுக்க நிற்காமல் வந்திருக்கிறது.

ஊனாத கால்

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ஊன விடாதது தவறா?

சுவிட்சர்லாந்தின் எலும்பு ஆய்வாளர் ஸ்டீஃபன் பெரன் 1970களில் ஒரு கணக்குச் சொன்னார். முறிவின் இடைவெளி அசைவினால் எத்தனை சதவீதம் நீள்கிறது, சுருங்குகிறது என்பதைப் பொறுத்து அங்கே என்ன திசு வளரும் என்பது அமைகிறது. 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் நேராக எலும்பு, 10 வரை குருத்தெலும்பு, அதற்கும் மேலே போனால் வெறும் நார்த் திசுதான் தாக்குப்பிடிக்கும். அதிகம் ஆடினால் கூடாது, உண்மைதான். சித்தி சொன்னதில் இந்தப் பாதி இருக்கிறது. ஆனால் ஜான் கென்ரைட்டும் ஆலன் குட்ஷிப்பும் 1980களில் இங்கிலாந்தில் செம்மறி ஆடுகளின் டிபியாவில் இன்னொரு பாதியைக் காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத மெல்லிய அழுத்த அசைவைத் தினமும் கொஞ்ச நேரம் கொடுத்த கால்கள், இறுக்கிக் கட்டி அசையாமல் வைத்த கால்களைவிட நன்றாகக் கூடின. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர்கள் கைப்பழக்கத்தில் கண்டதும் இதுவாக இருக்கலாம். தோல் கிழியாத, எலும்பு விலகாத முறிவில் அந்தக் கட்டு விடுகிற சிறு அசைவு பகையில்லை.

அசைவு எப்படிச் சேதியாகிறது? எலும்புக்கு உள்ளே புதைந்து கிடக்கிற ஆஸ்டியோசைட் செல்கள் ஒன்றையொன்று நுண்ணிய நரம்பு போன்ற கிளைகளால் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பாரம் விழுந்தால் அந்த இடுக்குகளில் இருக்கிற திரவம் நகர்கிறது, செல்கள் அதை உணர்கின்றன. பாரம் விழாத காலத்தில் இவை ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தை விடுகின்றன, எலும்பு கட்டுவதை நிறுத்தச் சொல்லும் புரதம் அது. பாரம் விழுந்தால் அதன் உற்பத்தி குறைகிறது என்று 2008இல் எலிகளில் காட்டினார்கள். நான் "ஊனாதம்மா" என்ற ஒவ்வொரு முறையும் அந்தக் கால் எலும்புக்குள் கட்டாதே, கட்டாதே என்று ஒரு சொல் போயிருக்கும். இது எனக்குத் தெரிந்த அன்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நான்தாம்மா உன்னைய நடக்கவிடல" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் பயந்தான் பாப்பா, நீ விடலன்னு சொல்லிக்கிட்டேன்" என்றாள்.

ஆனால் அதை மட்டும் காரணமாகப் பிடித்துக்கொள்வதும் உண்மையில்லை. உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்பு. நடுவில் சதையே இல்லை. சதை இல்லாத இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் டிபியா கூடாமல் போவது மற்ற எலும்புகளைவிட அதிகம். அம்மாவுக்கு எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு, பெரியாஸ்டியம், கிழிந்திருந்தது. புது எலும்பு கட்டும் செல்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வர வேண்டும். ரத்தக்கட்டு கழுவப்பட்டிருந்தது. ஊனாததும் இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஸ்கிளெரோஸ்டினை அடக்கும் ரோமோசோசுமாப் என்ற மருந்து 2019இல் எலும்பு மெலிவுக்கு அனுமதி பெற்றது. அதையே முறிந்த இடுப்புக்கும் டிபியாவுக்கும் கொடுத்துப் பார்த்தபோது கூடுவது விரைவாகவில்லை. ஒரு குரலை மட்டும் உயர்த்தியோ தாழ்த்தியோ முடிகிற பேச்சாக இது இல்லை.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு ஆறாவது வாரம், எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கச் சொன்னார்கள், முள் வைத்தது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, அம்மா வாக்கரைப் பிடித்து நின்று வலது காலை மட்டும் அதன்மேல் வைப்பாள். நான் தரையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்வேன். முதல் நாள் 6 கிலோ. அவள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "வலிக்குதாம்மா?" "கால் வலிக்கல. எடுத்த எடந்தான் வலிக்குது." இடுப்பில் எலும்பு எடுத்த இடம் பல பேருக்கு மாதக்கணக்கில் வலிக்கும், காலைவிட அதிகமாகவே. அந்த வாரத்தில் 10, அடுத்த வாரம் 15, பிறகு 20. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

நாலாம் மாத எக்ஸ்ரேயில் கறுப்புக் கோட்டின் இரு பக்கமும் புகை மூட்டம் போல வெள்ளையாக ஒன்று படர்ந்து, ஓர் இடத்தில் கோட்டைத் தாண்டியிருந்தது. டாக்டர் பேனாவின் முனையால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இதுவா பாப்பா அது?" என்று என்னைக் கேட்டாள். பஸ்ஸில் வரும்போது கிண்ணத்தைப் பற்றியும் வினிகர் எலும்பைப் பற்றியும் சொன்னேன். சாரம், கொத்தனார், மேஸ்திரி. முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப கால்ல ஆள் இருந்துச்சு, சொல்றதுக்குத்தான் யாரும் இல்ல" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மெஷினை எடுத்துவைத்தேன். காலை வைத்தாள். முள் 30ஐத் தாண்டி 40க்குப் போனது. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவும் கீழே பார்க்கவில்லை. இடது கை வாக்கரை விட்டுவிட்டு, இடுப்பில் தையல் போட்ட இடத்தைச் சேலையோடு சேர்த்து மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது.